‘வைரஸ்தான், ஆன்டிபயாடிக் வேண்டாம்’ என்று மருத்துவர் சொன்னது சரியா?

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூத்த மகள் எல்.கே.ஜி. சேர்ந்ததிலிருந்து மாதம் தவறாமல் சளி, இருமல். அவளிடமிருந்து ஐந்து மாதக் கைக்குழந்தைக்கும் தொற்றிவிட்டது. சென்ற மாதம் அவனுக்கு மூச்சிரைப்பு வந்து, நான்கு நாள் மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். “வைரஸ் தொற்று, ஆன்டிபயாடிக் வேண்டாம், நெபுலைசரும் வேண்டாம்” என்று சொல்லி மருத்துவர் வீட்டுக்கு அனுப்பினார். மூன்று வாரமாகியும் இருமல் முழுவதும் நிற்கவில்லை. “மருந்தே கொடுக்காமல் இது என்ன வைத்தியம்?” என்கிறார்கள் வீட்டில். இன்னொரு மருத்துவர் நெபுலைசர் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். மூத்தவளுக்கு ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ இருக்கலாம், ஆறு மாதம் மருந்து தர வேண்டியிருக்கும் என்கிறார். தலைக்கு ஊற்றியதுதான் காரணம் என்கிறார் மாமியார். பையனுக்கு ஆஸ்துமா வந்துவிடுமா? மகப்பேறு விடுப்பு முடிகிறது. வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனுக்கு மருத்துவமனையில் அளித்த சிகிச்சை சரியானது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் தணிந்த பிறகும் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தச் சந்தேகம்தான் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கையில் தோன்றியது. ஆக்சிஜன் கொடுத்து, வயிற்றுக்குப் பால் இறங்குகிறதா என்று பார்த்து, மூச்சைக் கண்காணித்துக்கொண்டு காத்திருப்பதுதான் அந்த நோய்க்கு உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை. உங்களுக்குக் கிடைக்காமல் போனது விளக்கம் மட்டுமே. அதை நான் இங்கே தர முயல்கிறேன்.

நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு வந்தது பிராங்கியோலைட்டிஸ். நுரையீரலின் கடைசிக் கிளைகளில் இருக்கும் மிக மெல்லிய மூச்சுக்குழல்கள் வீங்கிவிடும் நோய் இது. பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸால் வருகிறது. இந்த வைரஸ் முதன்முதலில் 1956இல் சளி பிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே குழந்தைகளிடமும் கண்டார்கள். இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது அது தொட்டுவிடுகிறது. உங்கள் மகளுக்கும் அதே வைரஸ்தான் வந்திருக்கக்கூடும். அவளுக்கு மூக்கொழுகலோடு போயிற்று. நான்கு மாதக் குழந்தையின் மூச்சுக்குழல் மிகச் சிறியது. ஒரு குழலின் ஆரம் பாதியாகச் சுருங்கினால், அதில் காற்று செல்வதற்கான தடை பதினாறு மடங்காகிவிடும். ஒரே வைரஸ் அக்காளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தம்பியை மருத்துவமனையில் படுக்க வைத்ததற்கு இதுதான் காரணம்.

ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸிடம் அவை எதுவும் செய்வதில்லை. நெபுலைசர் விஷயம் சற்றுச் சிக்கலானது. அதில் ஊற்றப்படும் சால்பியூட்டமால், இறுகிப்போன மூச்சுக்குழல் தசையைத் தளர்த்தும் மருந்து. ஆஸ்துமாவில் தசை இறுகுகிறது, அதனால் பலன் உண்டு. பிராங்கியோலைட்டிஸில் குழலை அடைப்பது வீக்கமும் சளியும் உதிர்ந்த செல்களும். தசையைத் தளர்த்தி என்ன பயன்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இலும், பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இரண்டுமே இந்த நோய்க்குச் சால்பியூட்டமால் வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. இங்கே மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பது உண்மை. பலமுறை மூச்சிரைப்பு வந்த குழந்தை, குடும்பத்தில் ஆஸ்துமா இருக்கும் குழந்தை என்றால் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம், பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்பார்கள் சிலர். அதை மருத்துவர் கண்ணெதிரில் செய்து பார்க்கலாம். ஐந்து மாதக் குழந்தைக்கு முதல்முறை வந்த நோய்க்காக வீட்டில் ஒரு கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, இருமும்போதெல்லாம் போடுவது தேவையற்றது. இதயம் படபடப்பதும் குழந்தை அழுவதும்தான் மிச்சம்.

இருமல் மூன்று வாரம் நீடிப்பதைக் கண்டு பயப்படாதீர்கள். இந்த நோய் மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாள் வரை உச்சத்துக்குப் போய் இறங்கும். ஆனால் உரிந்துபோன மூச்சுக்குழலின் உட்பூச்சு மீண்டும் வளர நாளாகும். அதுவரை இருமல் இருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று வாரத்துக்குள் நின்றுவிடுகிறது, சிலருக்குச் சற்றுக் கூடுதலாகும். இருமலின் சத்தத்தைக் கேட்டு நோயை அளக்க முடியாது. ‘நெஞ்சில் சளி கட்டிக் கொர்கொர் என்கிறது’ என்று பதறும் தாய்மார்களைத் தினமும் பார்க்கிறேன். பல நேரம் அது மூக்கிலிருந்து எழும் சத்தம். குழந்தை பால் குடித்து, சிரித்து, விளையாடினால் அந்தச் சத்தத்தை விட்டுவிடலாம்.

கவனிக்க வேண்டியது மூச்சை. குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வந்தால் வேகமான மூச்சு, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40. எண்ணுவதோடு நிறுத்தாமல் நெஞ்சையும் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறதா, வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூட இறங்கவில்லையா, அரை நாளாகச் சிறுநீரே கழிக்கவில்லையா, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சு இடையில் நின்று நின்று வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். பிறந்து சில வாரங்களே ஆன சிசுக்களுக்கு இருமல் இல்லாமலேயே மூச்சு நிற்பது ஆர்.எஸ்.வி.யின் முதல் அறிகுறியாக வரக்கூடும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 3.3 கோடிப் பேருக்கு ஆர்.எஸ்.வி. நுரையீரல் வரை இறங்கியது. சுமார் 36 லட்சம் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆறு மாதத்தைத் தாண்டாதவர்கள். அந்த மரணங்களில் 97 சதவீதம் ஏழை நாடுகளிலும் நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளிலும் நிகழ்ந்தவை. என்னை மிகவும் வருத்துவது இதற்கடுத்த செய்தி: மருத்துவமனையில் ஒரு குழந்தை இறந்தால், மருத்துவமனையை எட்டாமலேயே மூன்று குழந்தைகள் இறக்கின்றன என்பது அந்த ஆய்வாளர்களின் மதிப்பீடு. இதற்குப் புது மருந்து தேவையில்லை. சரியான நேரத்தில் ஆக்சிஜன் கிடைத்திருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள். உங்கள் மகனுக்குக் கிடைத்தது அந்த ஆக்சிஜன்தான். ‘மருந்தே கொடுக்கவில்லை’ என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எந்த வைரஸ் என்று பரிசோதித்தே பார்க்கவில்லையே என்ற கேள்வியும் உங்கள் வீட்டில் எழுந்திருக்கும். ஒரே சளி மாதிரியில் பல வைரஸ்களைத் தேடும் பரிசோதனைகள் இப்போது நகரங்களில் கிடைக்கின்றன, ஆயிரக்கணக்கில் செலவாகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தைக்கும், இதய நோயோ எதிர்ப்புச் சக்திக் குறைபாடோ உள்ள குழந்தைக்கும் அது உதவும். இன்ஃப்ளூயன்சா என்று தெரிந்தால் அதற்கென ஒரு மருந்து இருக்கிறது. மற்றபடி ஆர்.எஸ்.வி., ரைனோ, அடினோ, எச்.எம்.பி.வி. என்று எந்தப் பெயர் வந்தாலும் பிராங்கியோலைட்டிஸுக்குச் செய்வது ஒன்றுதான். 2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் எச்.எம்.பி.வி. கண்டறியப்பட்டபோது எழுந்த பீதி நினைவிருக்கும். அது 2001இல் நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்டது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே குழந்தைகளுக்குச் சளியைக் கொடுத்து வந்தது. பெயர் புதிதாகக் காதில் விழுந்ததால் நோய் புதிதாகிவிடாது. ஆனாலும், பரிசோதனை இல்லாததால் இந்த வைரஸ்களின் சுமை நம் புள்ளிவிவரங்களில் ‘நிமோனியா’ என்ற ஒற்றைப் பெயருக்குள் மறைந்துகிடக்கிறது என்று வருந்தும் மருத்துவர்களோடு நான் உடன்படுகிறேன். ஒவ்வொரு குழந்தைக்கும் பரிசோதனை தேவையில்லை. குறிப்பிட்ட சில மருத்துவமனைகளிலாவது ஆண்டு முழுவதும் முறையாகக் கண்காணித்தால், எந்த மாதத்தில் எத்தனை ஆக்சிஜன் படுக்கை வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். மழை தொடங்கியதும் குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்காகப் பெற்றோர் காத்திருக்கும் நிலை குறையும்.

இப்போது உங்கள் மகள். இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதப் போகிறேன்.

தமிழ்நாட்டில் அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகள்மீது ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்ற முத்திரை பல பத்தாண்டுகளாகக் குத்தப்பட்டு வருகிறது. அது வேறொன்றுமில்லை, குழந்தைகளுக்கு வரும் காசநோய். உண்மையிலேயே அந்த நோய் இருந்தால் சிகிச்சை கட்டாயம், தாமதிக்கவே கூடாது. ஆனால் மாதம் ஒருமுறை சளி பிடிப்பது காசநோயின் அறிகுறி அல்ல. பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. நெரிசலான வகுப்பறை என்றால் பத்துப் பன்னிரண்டு முறைகூட ஆகலாம். ஒவ்வொரு முறையும் பத்து நாள், இரண்டு வாரம் நீடிக்கும் என்று வையுங்கள். மழை, பனி மாதங்களில் ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். ‘இவளுக்குச் சளி விடுவதேயில்லை’ என்று தோன்றுவது அதனால்தான்.

காசநோய் என்று சந்தேகிக்க வேண்டிய குழந்தை வேறு மாதிரி இருக்கும். இடைவெளியே இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ தொடரும். எடை குறையும், அல்லது மாதக்கணக்கில் ஏறாமல் நிற்கும். விளையாட்டில் நாட்டம் போய்விடும். வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ காசநோய் உள்ள பெரியவர் ஒருவர் இருப்பார். அப்படியானால் எக்ஸ்ரே எடுத்து, சளியையோ இரைப்பை நீரையோ பரிசோதித்து நோயை உறுதி செய்ய முயல வேண்டும். கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மாண்டூ பரிசோதனையை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. கிருமி உடலுக்குள் எப்போதோ நுழைந்தது என்பதைத்தான் அது காட்டும். சரியான காரணமின்றி ஆறு மாதம் கொடுக்கப்படும் காசநோய் மருந்துகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். இத்தனைக்கும் அந்த ஆறு மாதத்தில் சளி குறையத்தான் செய்யும். குழந்தை வளர்ந்திருக்கும், மழைக்காலம் கடந்திருக்கும். மருந்துதான் குணப்படுத்தியது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். உங்கள் மகள் ஒரு சளிக்கும் அடுத்த சளிக்கும் நடுவில் ஓடியாடி இருக்கிறாளா, எடை கூடுகிறாளா? இரண்டுக்கும் ஆம் என்றால், வீட்டில் காசநோய் உள்ளவர் யாரும் இல்லை என்றால், மருந்தைத் தொடங்காதீர்கள். வீட்டில் பெரியவர் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் அவருக்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். தலைக்கு ஊற்றுவதாலோ தயிராலோ வாழைப்பழத்தாலோ வைரஸ் வருவதில்லை. அவரிடம் இதற்காகச் சண்டை போட வேண்டாம். வெந்நீரில் குளிப்பாட்டுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு விஷயங்களில் உறுதியாக நில்லுங்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது ஒன்று: வீங்கிய மூச்சுக்குழலுக்கு எந்தப் புகையும் பகை. கொசுவர்த்திச் சுருளும் அப்படியே. ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கொசுவலை கட்டுங்கள். இரண்டாவது, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து நெஞ்சில் தேய்ப்பது. கற்பூரம் கைக்குழந்தைக்கு நஞ்சு, வலிப்பு வரக்கூடும். மூன்றாவது, மூக்கில் எண்ணெய் விடுவது. அது நுரையீரலுக்குள் இறங்கினால் வேறு வகை நிமோனியா வரும். நான்காவது, வாய்க்குள் விரல் விட்டோ குழல் வைத்து உறிஞ்சியோ சளி எடுப்பது. இவற்றுக்குப் பதிலாக மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்குச் சற்று முன் மூக்கில் விடச் சொல்லுங்கள். கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகின்றன. மூக்கு அடைத்துக்கொண்டால் பால் குடிக்க முடியாது. பாலையும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். பாட்டிக்குக் கைவைத்தியத்தில் திருப்தி வேண்டும் என்றால், மூத்தவளுக்கு இருமலின்போது இரவில் ஒரு கரண்டித் தேன் தரட்டும். அதற்கு ஆய்வுகளின் ஆதரவும் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது.

இருமல் சிரப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வீட்டில் ஒரு பாட்டில் இருக்கும் என்று எண்ணி எழுதுகிறேன். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சாதாரணச் சளிக்காக ஊற்றப்பட்ட மருந்து அது. தானாகச் சரியாகிவிடக்கூடிய ஒரு நோய்க்குக் குழந்தைகள் உயிரை விட்டிருக்கிறார்கள் என்பதை இன்னமும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. கலப்படமே இல்லாத சிரப்பும் குழந்தையின் இருமலைக் குறைப்பதாக நல்ல சான்று இல்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், எடைக்கேற்ற அளவில், போதும்.

ஆஸ்துமா வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்.எஸ்.வி. பிராங்கியோலைட்டிஸ் வந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு அடுத்தடுத்த சளிகளின்போதும் இழுப்பு வருகிறது. அமெரிக்காவின் டூசான் நகரில் 1980இல் தொடங்கி, பிறந்ததிலிருந்தே குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. சிறுவயதில் ஆர்.எஸ்.வி. நுரையீரலைத் தாக்கிய பிள்ளைகளுக்கு இழுப்பு வரும் வாய்ப்பு ஆரம்பத்தில் அதிகமாக இருந்தது. வயது ஏற ஏற அது குறைந்து, 13 வயதில் மற்ற பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று. வைரஸ்தான் நுரையீரலைக் கெடுக்கிறதா, பிறவியிலேயே குறுகிய மூச்சுக்குழல் உள்ள குழந்தையை அது காட்டிக்கொடுக்கிறதா என்று மருத்துவர்களுக்குள் இன்றும் விவாதம் நடக்கிறது. உங்கள் குடும்பத்தில் பெற்றோருக்கு ஆஸ்துமாவோ, குழந்தைக்குத் தோலில் கரப்பானோ இருந்தால் வாய்ப்புச் சற்றுக் கூடும். மீண்டும் மீண்டும் இழுப்பு வந்தால் அப்போது சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். இன்றே அந்தப் பெயரைக் குழந்தைக்குச் சூட்ட வேண்டாம்.

வேலையை விடாதீர்கள். சிறு வயதிலேயே மற்றக் குழந்தைகளோடு காப்பகத்தில் பழகியவர்களுக்கு முதலில் சளி அதிகம் பிடிக்கிறது, பள்ளி வயதில் குறைவாகப் பிடிக்கிறது என்பதையும் அதே டூசான் ஆய்வு காட்டியது. பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதால் சளிகள் பெரும்பாலும் தள்ளித்தான் போகும். ஆனால் முதல் ஆறு மாதத்தைத் தாண்டுவதில் பெரிய லாபம் உண்டு. ஆகவே மாமியார் வீட்டில் பார்த்துக்கொள்ள முடிந்தால் இந்த மழைக்காலம் முடியும் வரையிலாவது காப்பகத்தைத் தவிருங்கள். மூத்தவள் பள்ளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவி, உடை மாற்றிய பிறகு தம்பியிடம் போகட்டும். முகத்தில் முத்தம் வேண்டாம், காலில் கொடுக்கட்டும். சளியோடு வரும் உறவினர் குழந்தையைத் தூக்கக் கேட்டால் மறுத்துவிடுங்கள்; வருத்தப்பட்டால் படட்டும். உங்களுக்கே சளி பிடித்தாலும் முகக்கவசம் கட்டிக்கொண்டு தாய்ப்பால் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் இந்த நோயின் சுமையைப் படுக்கைகளாலும் மரணங்களாலும் கணக்கிடுகிறோம். நான்கு நாள் மருத்துவமனையில் உட்கார்ந்தவர், மூன்று வாரம் இரவில் கண்விழித்தவர், சம்பளத்தை இழந்தவர், கடைசியில் வேலையையே விடலாமா என்று கேட்பவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது இரவுகளைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்; மருத்துவரைப் பார்க்க அவரும் வரட்டும். விளக்கத்தை இருவரும் கேட்டால், வீட்டில் எழும் கேள்விகளுக்கு நீங்கள் ஒருவரே பதில் சொல்ல வேண்டியிருக்காது.

தடுப்பூசி பற்றி ஒரு குறிப்பு, கர்ப்பமாக இருக்கும் வாசகிகளுக்கும் சேர்த்து. 1960களில் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த முதல் ஆர்.எஸ்.வி. தடுப்பூசி நோயை மேலும் கடுமையாக்கியது. இரண்டு குழந்தைகள் இறந்தன. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு பல பத்தாண்டுகள் தேக்கம். வைரஸின் மேற்பரப்புப் புரதம் செல்லோடு ஒட்டுவதற்கு முன் எந்த வடிவில் இருக்கிறது என்று 2013இல் கண்டறிந்த பிறகு வழி திறந்தது. 2023இல் இரண்டு வழிகள் பயன்பாட்டுக்கு வந்தன: கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் போடும் தடுப்பூசி ஒன்று, பிறந்த குழந்தைக்கு ஒரே தவணையாகப் போடும் எதிர்ப்புரத ஊசி மற்றொன்று. இவற்றில் ஏதேனும் ஒன்றை எல்லா நாடுகளும் கொண்டுவர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் பரிந்துரைத்தது. நம் நாட்டின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இவை இல்லை. ஆண்டுதோறும் குழந்தைகள் வார்டு நிரம்புவதைப் பார்க்கும் எவரும் அவை அதில் சேர வேண்டும் என்றுதான் விரும்புவார்கள். இப்போதைக்குக் கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் மகனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை வேறு இரண்டு. அவனுடைய தடுப்பூசி அட்டையை எடுத்து, நியுமோகாக்கல் தடுப்பூசியின் ஆறாவது வாரத் தவணையும் பதினான்காவது வாரத் தவணையும் போடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்பதாவது மாதத்தில் இன்னொரு தவணை இருக்கிறது. வைரஸ் தொற்றின் மேல் பாக்டீரியா நிமோனியா வந்து சேராமல் அது காக்கும். ஆறு மாதம் நிறைந்ததும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போடலாம். முதல் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. அதற்குப் பணம் செலவாகும், மூத்தவளுக்கும் சேர்த்துப் போட முடிந்தால் நல்லது. இருமல் மட்டும் மிச்சமிருப்பதற்காக எந்தத் தவணையையும் தள்ளிப்போட வேண்டியதில்லை.